“அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்”

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பையனுக்கு இப்போது இரண்டு வயது நாலு மாதம். ஒரு வயதில் ‘தாத்தா’, ‘பூ’ என்று சொல்லிக்கொண்டிருந்தான், அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் ஓடி வருவான். ஏதாவது வேண்டும் என்றால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் டப்பா மேல் வைப்பான். வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்குவான், யாராவது கலைத்தால் அழுது புரளுவான். என் அத்தைதான் எனக்கு மாமியார். ‘அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தெறந்தான், லேட்டாத்தான் பேசினான், சும்மா இரு’ என்கிறார். வசம்பு தேய்த்தாயிற்று, குலதெய்வத்துக்கு முடியிறக்க நேர்ந்தாயிற்று. ஒரு டாக்டர் மூன்று வயது வரை பார்க்கலாம் என்றார். மதுரையில் ஒரு தெரபி சென்டரில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘ஆட்டிசம், ஆறு மாசத்துல சரி பண்ணிரலாம், மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டுங்க’ என்றார்கள். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார். அதுவரை பொறுக்கலாமா? எங்கே போவது, என்ன பார்ப்பார்கள்? ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் அந்தப் பேர் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளுமா? போனைக் காட்டித்தான் சோறு ஊட்டினேன், அதனால் வந்ததா? சொந்தத்தில் கட்டியதாலா? என் பேர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தீபாவளி வரை பொறுக்க வேண்டாம். இந்த வாரமே கிளம்புங்கள். மற்றதையெல்லாம் கீழே எழுதுகிறேன், படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு வரி போதும்.

ஏன் அவசரம் என்றால், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தத் ‘தாத்தா’வும் ‘பூ’வும்தான் காரணம். பேச்சு தாமதமாக வருவது வேறு, வந்த பேச்சு போய்விடுவது வேறு. சொல்லிக்கொண்டிருந்த சொல்லைப் பிள்ளை விட்டுவிட்டால், வயது என்னவாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். மூன்று வயது வரை பார்க்கலாம் என்று சொன்ன டாக்டரிடம் இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. அவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அம்மாவிடம், ‘ஆம்பளப் பிள்ளைதானே, மெதுவாப் பேசுவான், மூணு வயசு ஆகட்டும்’ என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையனை அடுத்து நான் பார்த்தபோது அவனுக்கு ஐந்து வயது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ‘நீங்கதான சொன்னீங்க’ என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் அந்த வாக்கியம் என் வாயில் வந்ததில்லை.

உங்கள் பையனுக்கு ஆட்டிசமா இல்லையா என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் சொன்னவர்களாலும் முடிந்திருக்காது. ஆனால் பார்த்தே ஆக வேண்டிய பிள்ளை என்று சொல்ல உங்கள் கடிதமே போதும்.

முதலில் போன் விஷயத்தை முடித்துவிடுகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். போன் காட்டியதால் ஆட்டிசம் வராது. அது மூளை உருவாகும் விதத்திலேயே இருக்கிற வேறுபாடு. பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது, பெரும்பங்கு மரபணுக்களின் வேலை. ஒரு காலத்தில் அம்மா பாசம் காட்டாததால் வருகிறது என்று வெளிநாட்டுப் பெரிய டாக்டர்களே எழுதி, ஒரு தலைமுறைத் தாய்மார்களை அழவைத்தார்கள். அது பொய் என்று ஆன பிறகு, பழியைப் போட இப்போது போன் கிடைத்திருக்கிறது. அதற்காகப் போனை அவன் கையிலேயே விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இவனுக்கு அந்த ஒரு மணி நேரத்தையும் மனுஷ முகத்தோடு செலவழித்தால் நல்லது. தடுப்பூசி போட்டதால்தான் என்று யாராவது கிளப்பினால், அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து 1998-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து பரவிய கதை அது. 2010-இல் அந்தப் பத்திரிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, எழுதியவரின் டாக்டர் பதிவும் போனது.

சொந்தத்தில் கட்டியதாலா என்று கேட்டதற்கு, நேராக ‘ஆமாம்’ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சில பரம்பரை நோய்கள் அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாக வரும், அவற்றில் சிலது வளர்ச்சியைத் தடுக்கும். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் ஒன்றிரண்டு சோதனை கூடுதலாக எழுதக்கூடும்.

இப்போது உங்கள் அத்தை சொன்னதற்கு வருவோம். தாமதமாகப் பேசுகிற பிள்ளைகள் உண்டு, குடும்பத்தில் ஓடுவதும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளை வாயால் பேசாதே தவிர மற்ற எல்லாவற்றாலும் பேசும். டாட்டா காட்டும். ‘சோறு வேண்டாம்’ என்று தலையை ஆட்டும். வாசலில் மாடு போனால் விரலை நீட்டும். நீட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும், ‘பாத்தியா?’ என்று. நான் தேடுவது அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோமே, அது வாய் திறக்க வைக்கும் தந்திரம் மட்டும் இல்லை. நான் பார்ப்பதை நீயும் பார் என்று அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வயதையொட்டி வேண்டியதை விரல் நீட்டிக் கேட்கும். ஒன்றரை வயதுக்குள், தனக்கு வேண்டாத காக்காயைக்கூட உங்களுக்குக் காட்டுவதற்காக நீட்டும்.

உங்கள் பையன் உங்கள் கையை எடுத்து டப்பா மேல் வைக்கிறான். அந்த நேரத்துக்கு உங்கள் கை அவனுக்கு ஒரு கரண்டி மாதிரி. கை போதும், கைக்குச் சொந்தக்காரியின் முகம் தேவைப்படவில்லை. இதைப் படித்துவிட்டு அவனுக்கு உங்கள் மேல் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாசம் நிறைய இருக்கும், கேட்கிற வழிதான் வேறாக இருக்கிறது. அந்தப் பாக்கெட் சத்தத்துக்கு ஓடி வருவதை வைத்துக் காது சரியாக இருக்கிறது என்றும் முடிவு கட்ட முடியாது. சில சுருதிகள் கேட்டு, சில சுருதிகள் கேட்காத காதும் உண்டு. அதனால் முதல் சோதனை காதுக்குத்தான்.

எங்கே போவது? உங்கள் ஊர்ப் பால்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை ஆர்.பி.எஸ்.கே. டாக்டர் குழு வண்டியில் வரும். 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், பிறந்ததிலிருந்து 18 வயது வரை பார்ப்பார்கள், வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பட்டியலில் உண்டு. வண்டி வரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டாம். பால்வாடி டீச்சரிடமோ நர்ஸம்மாவிடமோ சொல்லிப் பரிந்துரைச் சீட்டு வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் நேராக மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது கோரிப்பாளையத்தில் இருக்கிற அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய், டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுப்பதற்கான மாவட்ட மையம் அது. காசு கிடையாது. கூட்டம் இருக்கும், ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று நடை நடக்க வேண்டிவரும். அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொண்டே ஏறுங்கள்.

காதுச் சோதனையில் பெரா என்று ஒன்று இருக்கிறது. தலையில் சின்னச் சின்ன ஒட்டுக் கம்பிகளை வைத்து, காதில் சத்தம் கொடுத்து, அது மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். வலி கிடையாது, ஆனால் இந்த வயதில் பிள்ளை தூங்கினால்தான் எடுக்க முடியும். இங்கேதான் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ராத்திரி நேரம் கழித்துத் தூங்கவைத்து, விடியற்காலையிலேயே எழுப்பி, ‘டெஸ்ட் நேரத்துல தூங்கிருவான்’ என்று கணக்குப் போட்டு பஸ் ஏறுவார்கள். செக்கானூரணி தாண்டுவதற்குள் ஜன்னல் காற்றில் பிள்ளை அசந்துவிடும். ஆரப்பாளையத்தில் இறங்கும்போது முழிப்புத் தட்டி, டெஸ்ட் அறையில் கம்பியைப் பிடுங்கி எறிந்து ஆட்டம் போடும். அப்புறம் இன்னொரு நாள். அதனால் பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். வீட்டில் அவன் போர்த்திக்கொள்கிற அதே பழைய துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் தூக்கத்துக்கு மருந்து கொடுப்பார்கள். எந்த மருந்தும் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம்.

டாக்டர் முதலில் கேள்விகள் கேட்பார். எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு, 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது, உங்கள் பையன் இன்னும் அந்த வயதுக்குள்தான் இருக்கிறான். ‘விரல் நீட்டிக் காட்டுகிறானா’, ‘மற்ற பிள்ளைகளைக் கவனிக்கிறானா’ என்ற மாதிரி. மதிப்பெண் 3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. 3 முதல் 7 என்றால் அதே கேள்விகளைத் துருவிக் கேட்பார்கள். 8-ம் அதற்கு மேலும் என்றால் நேராக முழு மதிப்பீடுதான். இது சல்லடை, தராசு இல்லை. இதில் மதிப்பெண் கூடிவிட்டால் ஆட்டிசம் உறுதி என்று அர்த்தம் கிடையாது. கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் ஒன்று: ‘செய்வான்’ என்பதற்கும் ‘எப்பவாவது ஒரு தடவ செஞ்சான்’ என்பதற்கும் வித்தியாசம் வைத்துச் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றுக்கும் ‘செய்வான் டாக்டர்’ என்று சொல்லிவிடுவார்கள்.

மதிப்பீட்டு அறையில் பெரிய மிஷின் எதுவும் இருக்காது. என் அறையில் ஒரு பாய், கொஞ்சம் பொம்மை, சோப்புக் குமிழ் டப்பா, அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் பிள்ளையைத் தொடவே மாட்டேன். அம்மாவிடம் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன். காரை ஓட்டுகிறானா, கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றுகிறானா? அப்புறம் குமிழ் ஊதுவேன். நாலு தடவை ஊதிவிட்டு மூடியை இறுக்கி டப்பாவை அவன் கையில் கொடுத்துவிடுவேன். அவனால் திறக்க முடியாது. அடுத்து என்ன செய்கிறான் என்பதுதான் பரீட்சை. என்னிடம் நீட்டி முகத்தைப் பார்ப்பான், அல்லது என் கையைப் பிடித்து மூடி மேல் வைப்பான், அல்லது வீசிவிட்டு ஃபேனைப் பார்க்கப் போய்விடுவான். அம்மாக்களுக்கு இந்த இடத்தில் பொறுக்காது, ‘ஆன்ட்டிகிட்ட குடு, குடு’ என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாதீர்கள். அந்தப் பத்து வினாடி மௌனம் எனக்கு வேண்டும்.

இதோடு தலைச் சுற்றளவை டேப்பால் அளப்பார்கள். சட்டையைக் கழற்றி, இலை வடிவத்தில் வெள்ளைத் திட்டு ஏதாவது தோலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சில நரம்பு நோய்களுக்கு அது அடையாளம். பிரசவம் எப்படி, பிறந்ததும் அழுதானா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களா, வலிப்பு உண்டா என்று கேட்பார்கள். தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டும் கையில் இருக்கட்டும். ஸ்கேன் எடுத்தால் ஆட்டிசம் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதைக் காட்டுகிற ஸ்கேனும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. ஆனால் இவன் சொற்களை விட்டிருக்கிறான் என்பதால், திடீரென்று சில வினாடி வெறித்துப் பார்த்து உறைந்துபோகிறானா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் மூளை மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எழுதுவார்கள். அதற்குக் காரணம் வலிப்புச் சந்தேகம்.

புது இடத்தில் பிள்ளை வீட்டில் இருப்பது போல் இருக்காது. அதனால் போனுக்கு இப்போது ஒரு நல்ல வேலை கொடுங்கள். பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவது, சாப்பிடுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு இருப்பது, செருப்பு அடுக்குவது, அந்தக் கையைப் பிடித்து இழுப்பது என்று இரண்டிரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. என் அனுபவத்தில் அம்மா அரை மணி நேரம் சொல்வதை அந்த இரண்டு நிமிடம் சொல்லிவிடும். அவன் ஒரு வயதில் ‘தாத்தா’ சொன்ன பழைய வீடியோ போனில் கிடந்தால் அது தங்கம்.

அந்தத் தெரபி சென்டர் பற்றி. ஆறு மாதத்தில் சரி பண்ணுகிறேன் என்று சொன்ன வாய்க்குக் காசு கொடுக்காதீர்கள். ஆட்டிசம் காய்ச்சல் மாதிரி வந்து போகிற சமாச்சாரம் இல்லை. பயிற்சியால் பிள்ளை பேச்சிலும் பழக்கத்திலும் நிறைய முன்னேறலாம், எவ்வளவு என்று முன்கூட்டி யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. தனியார் இடத்துக்குப் போவதே தப்பு என்று சொல்லவில்லை, மதுரையில் நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி கொடுப்பவரிடம் ‘ஆர்.சி.ஐ. பதிவு நம்பர் என்ன?’ என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். அப்புறம், அம்மாவை உள்ளே உட்காரவிடுவார்களா என்றும் கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பயிற்சி கொடுத்தால், மீதி நேரம் முழுக்க வீட்டில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஸ்டெம் செல், அதாவது மூலச் செல்களை உடம்பில் ஏற்றுகிற சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்கிற இடங்கள் பக்கமே போக வேண்டாம். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

வசம்பை நிறுத்திவிடுங்கள், அது சின்னப் பிள்ளை வயிற்றுக்கு ஆகாது. நாக்கு நரம்பை வெட்டினால் பேச்சு வரும் என்று அடுத்து யாராவது சொல்வார்கள், அதற்கும் போகாதீர்கள். முடி தாராளமாக இறக்குங்கள். கோயிலில் மேளமும் குழாய் ரேடியோவும் இருந்தால் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தக்கூடும், கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் இரண்டு பேருக்கும் நல்லது.

பேர் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். பேரே சரியில்லை என்பது என் கட்சி. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்கிறார்கள், அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று வரும். மதி எங்கே இறுகியது? பெரியார் பஸ் ஸ்டாண்டில் கேட்ட கண்டக்டர் குரலை அப்படியே வீட்டில் ஒப்பிக்கிற பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லையா என்ன? அதனால்தான் நான் ஆட்டிசம் என்றே எழுதிவிடுகிறேன். அந்தச் சொல் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும், நீங்கள் காட்டாமல் ஊரில் யாருக்கும் தெரியாது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு விஷயம், இப்போது அதற்கு ஓட வேண்டாம். அதற்கு இசா என்று 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள், 70-ம் அதற்கு மேலும் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. மூன்று வயதுக்கு அப்புறம் பார்க்கிற வேலை அது. 2016-ஆம் வருஷச் சட்டத்தில் உள்ள 21 வகையில் ஆட்டிசமும் ஒன்று. பள்ளிக்கூடம், உதவித்தொகை என்று வரும்போது அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். வேண்டுமா என்பதை அப்போது நீங்கள் முடிவு செய்யலாம். இப்போதைக்கு டாக்டரிடம் எழுத்தில் ஒரு அறிக்கை கேளுங்கள். அதில் பேர் மட்டும் இல்லாமல், அவனுக்கு என்னென்ன வருகிறது, எது வரவில்லை, எந்தப் பயிற்சி தேவை என்பதும் இருக்க வேண்டும்.

முடிவு தெரிவதற்கு முன்னாலேயே வீட்டில் தொடங்கலாம், ஆட்டிசம் இல்லை என்று ஆனாலும் நஷ்டம் இல்லை. ‘நண்டூருது நரியூருது’ விளையாடத் தெரியுமே? அவன் உயரத்துக்கு எதிரே உட்கார்ந்து கையில் விரலை ஊரவிடுங்கள். அக்குளுக்குப் போகும் முன் நிறுத்துங்கள். காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் கண்ணைத் தூக்கினாலோ, கையை அசைத்தாலோ, ஒரு சத்தம் கொடுத்தாலோ, அதுதான் கேட்டது என்று வைத்து உடனே கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பி ‘என்னயப் பாரு’ என்று அதட்ட வேண்டாம். பிஸ்கட்டை உள்ளே தெரிகிற டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவையுங்கள். கையை இழுத்துக்கொண்டு போனால், போங்கள், ‘பிஸ்கட்’ என்று ஒரே சொல் சொல்லி, ஒரு நொடி பொறுத்துக் கொடுங்கள். பேசினால்தான் கொடுப்பேன் என்று பட்டினி போடாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை, கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. உங்கள் பக்கம் கட்டைச் சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறும் கண்மாயும் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கதவுத் தாழ்ப்பாளை அவனுக்கு எட்டாத உயரத்தில் மாற்றி அடியுங்கள். தரைத்தொட்டிக்கு மூடி போடுங்கள். இதற்கு எந்தச் சீட்டும் தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம்.

வீட்டுக்காரரிடம் வீடியோ காலில் பேசிவிடுங்கள், அவர் ‘சரி’ என்றால் போதும், வர வேண்டியதில்லை. அத்தையைத்தான் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவருக்குப் புத்தி சொல்ல அல்ல. அவர் மகன் சின்ன வயதில் விரல் நீட்டினாரா, கூப்பிட்டால் திரும்பினாரா, எப்படி விளையாடினார் என்று டாக்டர் கேட்பார், அதற்குப் பதில் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. ‘உங்கள டாக்டர் வரச் சொன்னாங்க அத்தை’ என்று சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், வருவார். ஆரப்பாளையம் வரை பேரனைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டுமே.